விவசாயம் சரி, வேலை என்ன?

பிள்ளைகளா,

பொங்கலுக்கு மறுநாள் மகள் அனுப்பிய வீடியோவை நானும் உங்கள் அம்மாவும் பார்த்தோம். ராமநாதபுரத்தில் ஏதோ உழவர் விழா. மேடையில் தெர்மாகோலில் வெட்டி ஒட்டிய கலப்பை, தெர்மாகோலில் ஒரு ஜோடி மாடு. ஒரு மாட்டுக்குக் கொம்பு முறிந்து செலோடேப் சுற்றியிருந்தது. வெள்ளை வெளேரென்று வேட்டி கட்டிய ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, இன்றைய இளைஞர்கள் சேற்றில் கால் வைக்கக் கூசுகிறார்கள், செல்போன் பிடித்த கை மண்வெட்டி பிடிக்க மறுக்கிறது என்று முழங்கினார். யாரோ பிள்ளைகள் குனிந்து குனிந்து போட்ட கோலத்தின் மேல் செருப்புக் காலோடு நின்றுகொண்டுதான் முழங்கினார். கூட்டம் கை தட்டியது.

மகளே, அதற்குக் கீழே "இது நம்ம அண்ணனப் பத்திதான்" என்று எழுதிச் சிரிக்கிற பொம்மை போட்டிருந்தாய். துபாயிலிருந்து உன் அண்ணன் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். உங்களுக்கு அதோடு முடிந்துவிட்டது. எனக்கு முடியவில்லை. நான் பத்தாவதோடு நின்றவன், மைக்கும் கிடைக்காது. அதனால் எழுதுகிறேன். அண்ணன் வெயிலுக்குப் பயந்து ஓடினவன் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கக் கூடாது. நாளைக்கு உன் பிள்ளைகளிடமும் அப்படிச் சொல்லிவிடக் கூடாது. அது ஒன்றுதான் எனக்கு வேண்டும்.

அவன் ஓடவில்லை. வந்தவன் அவன். சென்னைக்குப் பக்கத்தில் கார் கம்பெனியில் இருந்தவன், யாரும் கூப்பிடாமல், தானாகப் பையைத் தூக்கிக்கொண்டு வந்து, "அய்யா, நம்ம மேட்டு நெலத்துல நான் மொளகா போடுறேன்" என்றான். மழையை நம்பிக் கிடக்கிற நிலம் என்று அவனுக்குத் தெரியாதா? குண்டு குண்டாய்க் காய்க்கிற நம் முண்டு மிளகாய் அந்த உப்புக்காற்றிலும் நிற்கும் என்று என்னைவிட அவனுக்குத்தான் நம்பிக்கை.

அப்போது ஊர் என்ன சொன்னது என்று கேள். டீக்கடை பெஞ்சில் காலை முதல் உட்கார்ந்திருக்கிற கூட்டம் இருக்கிறதே, மிளகாய்ப் பழம் பறிக்க ஆள் இல்லை, இளவட்டமெல்லாம் ஊரைவிட்டுப் போய்விட்டது என்று தினம் ஒப்பாரி வைக்கிற அதே கூட்டம், அவனைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி இது.

"ஏலே, கம்பெனியில வெரட்டி விட்டுட்டாய்ங்களா?"

"இல்ல சித்தப்பா, நானாத்தான் வந்தேன்."

"நானா வந்தாராம்ல! ஏதாச்சும் வம்பு வழக்காடா? சும்மா சொல்லு, நாங்க யார்ட்டயும் சொல்ல மாட்டோம்."

இன்னொருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பையனுக்கு உடம்புக்கு ஏதும் சரியில்லையா, மதுரையில் நல்ல டாக்டர் இருக்கிறார் என்றார். நல்ல புத்தியோடு ஒருத்தன் நிலத்துக்குத் திரும்பி வருவான் என்று அந்த விவசாயிகளில் ஒருத்தருக்குக்கூட நம்ப முடியவில்லை. தாங்கள் செய்கிற வேலையைப் பற்றித் தாங்களே வைத்திருக்கிற மரியாதை அவ்வளவுதான்.

அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. போட்டான், களை எடுத்தான், மயிலை விரட்டினான். மழை நல்லபடியாக இருந்தது, நல்லபடியாகக் காய்த்தது. சித்திரையில் பறிப்பு முடிகிற நேரம் உங்கள் அம்மா ஆரம்பித்தாள், "இவனுக்கு ஒரு எடம் பாக்கணும்" என்று. நானும் சரி என்றேன். நிலம் இருக்கிறது, பையன் டிப்ளமோ படித்தவன், பீடி சிகரெட் கிடையாது, என்ன குறை என்று நினைத்தேன்.

தரகர் வந்து குறையைச் சொன்னார். ஜாதகத் தாளில் தொழில் என்ற இடத்தில் நான் விவசாயம் என்று எழுதியிருந்ததைப் பார்த்துப் பேனாவைக் கேட்டார்.

"அண்ணே, நெலம் எம்புட்டு இருக்குன்னு எழுதுங்க. நெலத்துல நிக்கிறத எழுதாதீங்க."

"அப்ப நெலத்துல யாரு நிப்பா?"

"அதக் கல்யாணம் முடிஞ்ச பெறகு பாத்துக்கிருவோம்ணே."

படமும் சரியில்லை என்றார். மிளகாய்க் குவியல் பக்கத்தில் உட்கார்ந்து அவனே செல்லில் எடுத்த படம் ஒன்று இருந்தது. பல் தெரியச் சிரித்திருப்பான். எனக்குப் பிடித்த படம். "இதப் பாத்தா கூலிக்கு வந்த ஆளு மாதிரியில்ல இருக்கு" என்று தரகர் அதைத் தள்ளிவைத்துவிட்டு ஸ்டுடியோவுக்கு அழைத்துக்கொண்டு போனார். அங்கே கம்ப்யூட்டரிலேயே அவனுக்குக் கோட்டு மாட்டி, டை கட்டி, முகத்தை வெள்ளையடித்துவிட்டார்கள். கழுத்துக்கு மேலே ஒரு நிறம், காதில் வேறொரு நிறம். ஜாதகம், படிப்பு, நிலம் எல்லாம் அச்சடித்த தாளின் மேலே அந்தக் கோட்டுக்காரன் உட்கார்ந்திருந்தான். உங்கள் அம்மா அதைப் பார்த்துவிட்டு, "யாருடா இது, பேங்குக்காரரா?" என்றாள். உன் அண்ணனும் சிரித்தான். அப்போது எங்களுக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது.

வைகாசியில் உப்பூரிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு ஊரில் பெண் பார்க்கப் போனோம். நான், அம்மா, அண்ணன், உன் தாய்மாமன், தரகர். நீ மதுரையில் நர்சிங் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாய். "போனோம், அமையல" என்று மட்டும் உன்னிடம் போனில் சொன்னோம். அமையாத விதத்தை இப்போது சொல்கிறேன்.

பெண்ணின் அப்பா நம்மைப் போல மிளகாய்க்காரர்தான். வாசல் முழுக்கப் பழம் காய்ந்துகொண்டிருந்தது. நடக்க விட்டிருந்த சந்தில் ஒருவர் பின் ஒருவராகப் போனோம். பெண்ணின் அம்மா மூக்கை முந்தானையால் கட்டிக்கொண்டு வெளுத்த பழங்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தவள், எங்களைப் பார்த்ததும் எழுந்து உள்ளே ஓடிப்போய் வேறு சேலை மாற்றிக்கொண்டு வந்தாள். அவர்கள் மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். வீட்டு முகப்பெல்லாம் டைல்ஸ்.

நானும் அவரும் உட்கார்ந்ததும் ஒட்டிக்கொண்டோம். எத்தனை பறிப்பு வந்தது, கடைசி மழை காயை எவ்வளவு கெடுத்தது, பன்றி இறங்குகிறதா என்று மிளகாய்ப் பேச்சுதான். உள்ளே சாம்பார் கொதிக்கிற வாசமும் அப்பளம் பொரிக்கிற வாசமும் வந்துகொண்டிருந்தன.

இந்த இடத்தில் ஒரு முறையைச் சொல்ல வேண்டும், ஹாஸ்டலில் வளர்ந்த உனக்குத் தெரிந்திருக்காது. பெண் பார்க்கப் போன வீட்டில் காப்பி குடிக்கலாம், பலகாரம் தின்னலாம். சோறு தின்னக் கூடாது. கை நனைத்தால் சம்பந்தம் முடிந்தது என்று அர்த்தம், பிறகு பின்வாங்கினால் அசிங்கம். அதனால் சாதாரணமாக முதல் தடவையே யாரும் உலை வைக்க மாட்டார்கள். இங்கே உலை வைத்திருந்தார்கள். தரகர் கொடுத்த கோட்டுத் தாளைப் பார்த்தே மனதுக்குள் முடித்துவிட்டார்கள் போலிருக்கிறது.

பெண் காப்பி கொண்டுவந்து கொடுத்தது. நல்ல பிள்ளை, நிமிர்ந்து பார்த்தது. அது உள்ளே போனதும் அவர் கேட்டார்.

"அப்ப மாப்ள என்ன பாக்குறாப்ல?"

நான் வாயைத் திறப்பதற்குள் உன் தாய்மாமன் முந்திக்கொண்டான். "கார் கம்பெனியிலண்ணே. லீவுக்கு வந்திருக்காப்ல."

அவர் முகம் விரிந்ததைப் பார்க்க வேண்டுமே. "அது போதும்ணே! ஏத்தா, எலையப் போடுங்க!" என்று உள்ளே குரல் கொடுத்தார். ஒரு பொம்பளை கை கழுவச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டாள். சொம்பு என் கையில் இருக்கிறது. சாய்த்தால் கல்யாணம். உன் அம்மா என்னைப் பார்க்கிறாள். அவள் கண்ணில், சாய்த்துவிடுங்களேன், மற்றதை அப்புறம் பார்ப்போம் என்று இருந்தது. அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

உன் அண்ணன்தான் பேசினான். "மாமா சொல்றது பழைய கதைங்க. கம்பெனிய விட்டு வந்து ஒரு வருசம் ஆச்சு. இங்கன மொளகாதான் போட்டிருக்கேன். இனிமேயும் அதான்."

சுற்றிலும் மிளகாய் காய்கிறது. அந்த மனிதர் உடுத்தியிருந்த வேட்டி மிளகாயில் வந்தது. பெண் படித்த படிப்பும், சிங்கப்பூருக்குப் போன மகனின் டிக்கெட்டும் மிளகாயில் வந்தவை. அவர் கேட்டார்.

"வெவசாயம் சரி தம்பி. வேலை என்ன?"

மாப்ள போய்த் தம்பி வந்துவிட்டது, கவனி.

"இதுதாங்க வேலை" என்றான் இவன்.

"அது எல்லாரும் பாக்குறதுதான தம்பி. நானும்தான் பாக்குறேன். நான் கேக்குறது, வேலை."

அவர் கோபமாகக் கேட்கவில்லை. அவமானப்படுத்தவும் நினைக்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. தான் பிறந்ததிலிருந்து ஒரு வேலையும் பார்க்கவில்லை என்று அந்த மனிதர் உண்மையாகவே நம்பிக்கொண்டிருந்தார். தரகர் ஏதோ சமாளித்தார். நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுப் பையன் மறுபடி கம்பெனிக்குப் போய்விடுவான் என்றார். பெண்ணின் அப்பா ஒரே பேச்சாக, "நெலம் இருக்கட்டும்ணே, நெலம் வேணும். நெலம் இல்லாத வீட்ல எப்படிக் குடுக்கிறது? மாப்ள நெலத்துல எறங்கக் கூடாது, அம்புட்டுத்தான்" என்றார். ஒரு மனிதன் எவ்வளவு வெட்கம் இல்லாமல் இருந்தால் இதைக் கூடை முடைகிற மாதிரி நிதானமாகச் சொல்ல முடியும்!

நான் சொம்பைச் சாய்க்காமல் படியில் வைத்துவிட்டு எழுந்தேன். இலை போட்டாயிற்று, ஒரு இலையில் உப்புகூட வைத்தாயிற்று.

நாங்கள் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது அந்தப் பெண் பக்கவாட்டில் வந்து உன் அண்ணனிடம் பேசியது. அவன் பிறகு பஸ்ஸில் என்னிடம் சொன்னான். "எங்கம்மா கையப் பாத்தீங்களா? எரிச்சல்ல தூங்காது அது, தண்ணிக்குள்ள கைய விட்டுக்கிட்டு உக்காந்திருக்கும். உங்கள எனக்குப் புடிக்காமெல்லாம் இல்ல. அந்தக் கை எனக்கு வேணாம்" என்றதாம். அந்த வீட்டில் நியாயம் பேசியது அது ஒன்றுதான். அந்தப் பிள்ளையைப் பற்றி ஒரு சொல்லும் தப்பாக நான் சொல்ல மாட்டேன், நீயும் சொல்லாதே. அவள் அம்மா கை எரியாமல் இருக்க ஒரு ஜோடி கையுறை வாங்கிக் கொடுக்கத் தோன்றாத மனிதர், முகப்புக்கு டைல்ஸ் போடத் தோன்றிய மனிதர், அவரைப் பற்றித்தான் பேசுகிறேன்.

ஆர்.எஸ். மங்கலம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஆளுக்கு இரண்டு பருப்பு வடை தின்றோம். நல்ல பசி. "அப்பளமாச்சும் தின்னுட்டு வந்திருக்கலாம்யா" என்றான் அண்ணன். அம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. உன் தாய்மாமன் மட்டும் என்னிடம் முகம் கொடுக்கவில்லை. "ஒரு வாய் தண்ணி மச்சான். ஒரு வாய் தண்ணி ஊத்தியிருந்தா முடிஞ்சிருக்கும்" என்று பஸ் வருகிறவரை சொல்லிக்கொண்டே இருந்தான்.

அதற்குப் பிறகும் இடங்கள் பார்த்தோம். எல்லாம் நெல், மிளகாய், பருத்தி போடுகிற வீடுகள். எல்லா வீட்டிலும் அதே கேள்வியை வேறு வேறு பாத்திரத்தில் ஊற்றிக் கொடுத்தார்கள். ஒரு வீட்டில் காப்பியே வரவில்லை. ஆடி முடிகிறபோது தரகர் அந்தக் கோட்டுத் தாள்களை மொத்தமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஆவணியில் உன் அண்ணன் விசா வந்துவிட்டது என்றான். எப்போது போட்டான் என்றுகூட எனக்குத் தெரியாது.

"மொளகா புடிக்கலையாடா?"

"புடிக்காம என்னய்யா. அங்கன போனா ஒரு வேலைன்னு சொல்லிக்கிறலாம்ல."

இப்போது துபாயில் குடோனில் பெட்டி அடுக்குகிறான். அது வேலை. டீக்கடைக் கூட்டம் அவனை விசாரிக்கிறது, "தம்பி நல்லா இருக்காப்லயா" என்று. ஏலே போய்த் தம்பி வந்துவிட்டது. அதே வாயால், இளவட்டம் எல்லாம் போச்சு, நிலத்தில் கருவேலம் ஏறுகிறது என்று ஒப்பாரியும் வைக்கிறார்கள். மழை பொய்க்கிறது, விலை இறங்குகிறது, எல்லாம் உண்மைதான். அதற்கெல்லாம் அவன் தயாராகத்தான் வந்தான். விவசாயி என்று சொல்லிப் பெண் கேட்டுப் போனால் ஒருத்தரும் இலை போட மாட்டார்கள் என்பதற்கு மட்டும் அவன் தயாராக வரவில்லை. சேற்றைக் கண்டு கூசுகிறவன் அவனா? சேற்றில் நின்றுகொண்டே சேற்றைக் கேவலமாகப் பார்க்கிற நாங்களா? அந்த மேடைக்காரர் கூட்டத்தைப் பார்த்துக் கையை நீட்டினாரே, கொஞ்சம் திருப்பி முன்வரிசை வேட்டிகளைக் காட்டியிருந்தால் சரியாக இருந்திருக்கும். ஆனால் அவருக்கு மாலை போட்டவர்கள் அவர்கள்தானே.

மகனே, இனி எழுதுவது உனக்கும் தெரியாதது. நீ போன பிறகு, புரட்டாசிக் கடைசியில், அந்த உப்பூர்ப் பக்கத்து மனிதர் நம் வீட்டு வாசலில் வந்து பைக்கை நிறுத்தினார். மறுபடி சம்பந்தம் பேசத்தான் வந்தாரோ என்று எனக்கு ஒரு நிமிடம் தோன்றியது. அதெல்லாம் இல்லை.

"அண்ணே, உங்க சரக்க மண்டியில பாத்தேன். என்னா நெறம்! தம்பி எடுத்த வெதையாமே? இந்த வருசம் என் வெதை முளைக்கிற மாதிரித் தெரியல. கொஞ்சம் இருந்தா குடுங்கண்ணே."

இருந்தது. நீ நல்ல செடியாகப் பார்த்து, நல்ல பழமாகப் பார்த்து, நிழலில் உலர்த்திச் சாம்பல் கலந்து துணியில் கட்டிவைத்துவிட்டுப் போனது அப்படியே இருந்தது. விதை கேட்டு வந்தவனை இல்லை என்று அனுப்ப எனக்குத் தெரியாது. உட்காரச் சொன்னேன். மத்தியான நேரம். உன் அம்மா இலை போட்டாள்.

அந்த மனிதர் யோசிக்கவே இல்லை. சொம்பை வாங்கி, நன்றாகக் கை கழுவி, சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டார். ரசம் நன்றாக இருக்கிறது என்று இரண்டாம் தடவை வாங்கிக்கொண்டார். சாப்பிட்டுக்கொண்டே மகள் கல்யாணம் முடிந்த கதையைச் சொன்னார். மாப்பிள்ளைக்குச் சவுதியில் நல்ல வேலையாம்.

"என்ன வேலை?" என்றேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"தோட்டத்துலண்ணே. பெரிய தோட்டம். தக்காளி, வெள்ளரி எல்லாம் கூடாரம் போட்டு வளப்பாங்களாம். தண்ணி விட, மருந்தடிக்க, பறிக்க எல்லாம் நம்ம மாப்ளதான்."

"அப்ப வெவசாயம்."

ரசத்தை உறிஞ்சுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். கிண்டல் செய்கிறேனா என்று பார்த்தார் போலிருக்கிறது. "இல்லண்ணே, வெவசாயமா! அது கம்பெனி. சம்பளம் உண்டு, லீவு உண்டு."

உன் அம்மா உள்ளே போய்விட்டாள்.  என்ன சொன்னாலும் அவருக்குப் புரிந்திருக்காது. பாதி விதையைப் பிரித்து, நீ கட்டிவைத்திருந்த துணியிலேயே கட்டிக் கொடுத்தேன். காசை நீட்டினார், வாங்கவில்லை. "ஒங்களுக்குப் பெரிய மனசுண்ணே" என்றார். மனசு பெரிதாக இருந்ததால் வாங்காமல் இல்லை. அந்த ஆளிடமிருந்து எதுவும் என் கையில் படக் கூடாது என்றுதான். பைக்கில் ஏறப் போனவர் திரும்பி, "இந்த வெதையப் போடுறப்ப தம்பி ஏதும் பக்குவம் சொன்னாப்லயா?" என்றார். நீ சொன்னதை எல்லாம் சொன்னேன். மண்ணுக்கு என்ன கோபம், அவர் நிலத்திலாவது நன்றாக முளைக்கட்டும்.

மகளே, உனக்கும் ஒரு நாள் மாப்பிள்ளை பார்ப்போம். வருகிறவன் நிலத்தில் இறங்குகிறவனாக இருந்து, நீ வேண்டாம் என்றால், உன் கையை நினைத்து வேண்டாம் என்றால், நான் உன் பக்கம். ஆனால் அவனிடம் வேலை என்ன என்று நான் கேட்டால் அங்கேயே என் முகத்தில் துப்பிவிட்டு எழுந்து போ.

அந்த ஆள் போன பிறகு உன் அம்மா கோயிலுக்குப் போய்விட்டாள். வீட்டில் நான் மட்டும் இருந்தேன். துணியும் அவரோடு போய்விட்டதால் மீதி விதையைப் பொதிந்து வைக்க ஒன்றும் இல்லை. அலமாரியைக் குடைந்தபோது தரகர் திருப்பிக் கொடுத்த தாள்கள் இருந்தன. மேலே இருந்ததை எடுத்தேன். கோட்டும் டையும் உள்பக்கமாகப் போகும்படி மடித்து, விதையைக் கொட்டி, நான்கு ஓரமும் திருப்பி இறுக்கிப் பொட்டலமாக்கினேன். நூல் சுற்றிக் கட்டி, சாம்பல் பானைக்குள் ஆழமாக அமுக்கிவைத்து மூடினேன். விரல் எரிந்தது. கண்ணில் படாமல் கையைத் தள்ளிப் பிடித்துக்கொண்டே பின்பக்கம் போய்க் கழுவினேன்.